மூன்று வீட்டுக்கு ஒரே அளவு

சின்னவள் தொட்டால் ஊமைப் பொருளும் பேசும் என்பாள் அக்கா. சின்ன வயதில் ரேடியோவைப் பிரித்துப் போட்டவள், இப்போது அலுவலகங்களுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுக்கிறாள். எட்டாவதோடு தையல் மெஷினில் உட்கார்ந்த அக்காவுக்குத் தங்கையின் வேலை பாதிதான் புரியும். பெருமை மட்டும் முழுசாக இருந்தது. அளவு கொடுக்க வருகிறவர்கள் அதைக் கேட்காமல் திரும்பியதில்லை.

அம்மா இடுப்பெலும்பு முறிந்து தம்பி வீட்டில் கிடந்தாள். இன்னும் ஒரு மாதம் பயணமே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அம்மாவோ, பூட்டிக் கிடக்கும் தன் வீட்டைக் கண்ணால் பார்க்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நிற்பதற்கு இருப்பதே ஒரு கால்தான் என்றான் தம்பி.

சின்னவள் வழி சொன்னாள். அம்மா வீட்டுக் கூடத்தில் ஒரு கேமரா. அம்மா வீடு, தம்பி வீடு, அக்காவும் அவளும் இருக்கும் வீடு, மூன்றையும் வெளியாள் எட்டிப் பார்க்க முடியாத ஒரு தனி இணைப்பில் கோத்துவிடுவது. மூன்று ரூட்டர்களையும் முன்பே மாட்டியவள் அக்காதான். தங்கை ஒரு வீட்டுக்கு மாதிரியாக எழுதிக் கொடுத்த முகவரி எண்களை, குழப்பம் வரக் கூடாதென்று, மூன்று வீட்டிலும் ஒரு புள்ளி பிசகாமல் போட்டு, நோட்டிலும் குறித்திருந்தாள்.

சனிக்கிழமை மதியம் அக்கா கேமராவை மாட்டிவிட்டு அம்மா வீட்டில் இருந்தாள். மூன்று வீட்டிலும் பச்சை விளக்கு எரிந்தது. தம்பி கேமராவின் எண்ணைத் தட்டினான். வந்ததோ அவன் வீட்டுப் பிரிண்டரின் படம் போட்ட பக்கம். என் கூடத்தில் இது எப்போது முளைத்தது என்று அம்மா கேட்டாளாம்.

சின்னவள் போனில் நோட்டை வாசிக்கச் சொன்னாள். அக்கா மூன்று வீட்டு எண்களையும் வாசித்தாள்.

"அக்கா, மூணு பேருக்கும் ஒரே அளவுல சட்டை வெட்டிட்டே."

அக்காவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. தம்பி வீட்டிலேயே அந்த எண் இருக்கும்போது, தேடிப் போனது வாசலைத் தாண்டுமா? முப்பது வருடத்தில் ஒருவர் அளவை இன்னொருவருக்கு வெட்டாத கை அது. வெட்கத்தோடு, தங்கை சொல்லச் சொல்ல, தன் போனிலிருந்தே வீட்டுக்கு ஓர் எண்ணாக மாற்றினாள்.

இணைப்பு திரும்ப வரக் காத்திருந்தபோது கூடத்தில் வெயில் மெல்ல நகர்ந்தது. தூசி மிதந்தது. தூர தூரமாய் இருந்த மூன்று வீடுகளும் துணித் துண்டுகள் போல நெருங்கி வந்து, ஓரத்தோடு ஓரம் சேர்வதாக அவளுக்குத் தோன்றியது.

கேமராவிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "பெரியவளே, அந்த ஜன்னல் திரையைக் கொஞ்சம் விலக்கு."

விலக்கினாள். வெளிச்சம் நாற்காலி வரை வந்தது.

"நாளைக்குக் கிளம்புறியாம்மா?"

"எதுக்கு? இங்கதானே இருக்கேன்."

கொஞ்ச நேரத்தில் அம்மா கண்ணசந்துவிட்டாள் என்று தம்பி கிசுகிசுத்தான். அக்கா நோட்டை இடுக்கிக்கொண்டு அடிமேல் அடி வைத்து வெளியே வந்தாள். உள்ளே அம்மா தூங்குவது போலவே, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.