சிங்கப்பூருக்குச் சிவப்பு நிறம்

“எஸ்டேட் கேட்டத் தாண்டுனா பஸ்ஸு எந்தப் பக்கம் வரும்னே இவளுக்குத் தெரியாது. இவ பதினோரு நாட்டுக்குப் படம் போடப்போறாளாம்லா!” என்றார் பெரியப்பா, என்னைக் காட்டி. எண்ணெய் ஆலைக்குப் போகும் செம்பனைக் குலைகள் ஏற்றிய லாரியை வாசலில் நிறுத்திவிட்டு எங்கள் வீட்டில் தேநீர் குடிப்பது அவர் வழக்கம். யாரையாவது கிண்டல் செய்யாவிட்டால் அந்தத் தேநீர் அவருக்கு இனிக்காது.

மலேசியாவில் மலாக்கா பக்கம், சிம்பாங் அம்பாட்டிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையின் கடைசியில் எங்கள் தோட்டம். அப்போது நான் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை ஒழுங்காகப் பார்த்த முதல் ஆள் நான்தான் என்பதில் எனக்குக் கர்வம் உண்டு. இன்றும் அது குறையவில்லை.

மஜோங் தாள் என்கிற பெரிய வெள்ளைத் தாளில் தென்கிழக்காசியாவை வரைந்து, பதினொரு நாடுகளுக்கும் நிறம் தீட்டி, பெற்றோர் தினத்தன்று எல்லார் முன்னிலையிலும் விளக்க வேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். எந்த நாட்டுக்கு எந்த நிறம் என்று அவர் சொல்லவில்லை. நிறத்துக்கு ஒரு காரணம் வேண்டாமா என்று எனக்குத் தோன்றியது.

பக்கத்து வீட்டில் இந்தோனேசியாவின் லொம்போக் தீவிலிருந்து வந்த அக்கா ஒருத்தி இருந்தாள். அம்மாவும் அவளும் செம்பனை மரங்களடியில் உதிரிப் பழம் பொறுக்குபவர்கள். நாள் முழுக்க இருவரும் மலாயில் பேசிக்கொண்டிருப்பார்கள். வேறு நாட்டுக்காரிக்கு எங்கள் நாட்டு மலாய் எப்படி வந்தது என்பது எனக்கு நெடுநாள் புதிர். வரைபடத்தை அவள் முன் விரித்தேன். அவள் விரல் கடலில் கொஞ்ச நேரம் அலைந்து ஒரு பொட்டுத் தீவில் நின்றது. ஊரில் வீட்டுக்குள் ஒரு மொழி, பள்ளியில் இன்னொரு மொழி, அந்த இரண்டாவதுதான் இங்கே வந்ததும் கொஞ்சம் கோணலாகக் கேட்கிறது என்று சிரித்தாள்.

அப்படியானால் நீங்கள் வேறு நாடு என்று யாருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். துணிகளுக்கடியிலிருந்து பச்சை நிறப் பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினாள். இதைப் பார்த்துத்தான் என்றாள்.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. கடலோ மொழியோ முகமோ அல்ல, கையிலிருக்கும் காகிதத்தின் நிறம்தான் நாடு. இந்தோனேசியாவின் தீவுகளுக்கெல்லாம் பச்சை தீட்டியதில் பாதிப் பென்சில் தீர்ந்தது. அப்பாவின் அடையாள அட்டையான ஐசி நீலம், அதனால் மலேசியா நீலமானது. மற்ற நாடுகளுக்குத் தோட்டத்தில் ஆள் கிடைக்காததால் பெட்டியில் மிஞ்சிய நிறங்களைப் பங்கிட்டேன்.

அம்மாவின் ஐசி மட்டும் சிவப்பு. எங்கள் வீட்டிலேயே அழகான அட்டை அதுதான் என்று நினைத்திருந்தேன். நிறம் வேறென்றால் அம்மாவின் நாடும் வேறாகத்தானே இருக்க வேண்டும்?

அம்மா சமையலறையில் நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். “அம்மா, ஒங்க ஐசி எந்த நாட்டோடது?”

“எந்த நாட்டோடதும் இல்லடி. போய் வேலையப் பாரு.”

பள்ளிக்கூடம் போகாத அம்மாவுக்குத் தன் நாடு தெரியவில்லை, பாவம் என்று எடுத்துக்கொண்டேன். படித்த பெண் இருக்கையில் அம்மா ஏன் நாடில்லாமல் இருக்க வேண்டும்? படத்தில் தேடினேன். சிங்கப்பூர் பக்கத்திலேயே இருந்தது. அம்மாவைப் போலவே சின்னது. சுத்தமான ஊர் என்றும் பாடத்தில் படித்திருந்தேன். சிவப்புத் தீட்டி, அருகில் அம்மாவின் பெயரையும் சிவப்பிலேயே எழுதினேன்.

பெற்றோர் தினத்தன்று அம்மா தீபாவளிப் புடவையில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அப்பாவும் பெரியப்பாவும் அவளுக்கு முன்னால். நான் கோலால் ஒவ்வொரு நாடாகத் தொட்டு விளக்கினேன். கடைசியாக, “சிவப்பு, எங்கள் அம்மாவின் நாடு. அவர் சிங்கப்பூரைச் சேர்ந்தவர். இது அவருக்கே தெரியாது, நான்தான் கண்டுபிடித்தேன்” என்றேன்.

மண்டபமே சிரித்தது. எல்லாரையும் விடப் பெரியப்பா குரல்தான் உரக்கக் கேட்டது. “ஏம்மா, நீ சிங்கப்பூர்க்காரியா? இத்தன வருசமா சொல்லவே இல்லையே லா! அடுத்த மாசம் சம்பளத்த சிங்கப்பூர் வெள்ளியில கேளு, ரெண்டு மடங்கு கெடைக்கும்!”

அம்மா எழுந்து நின்றாள். நாலு பேர் நடுவில் அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

“நா இந்தத் தோட்டத்துலதான் பொறந்தேன் மாமா. ஒங்களுக்கே தெரியும்.”

பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஆசிரியை அவசரமாக அடுத்த மாணவனைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா, “அந்தப் பேர அழிச்சிடு” என்றாள்.

“அப்ப எங்க எழுதறது?”

“எழுதாம வுடு.”

அன்று மாலை அழித்தேன். சிவப்பு லேசில் போகவில்லை. தேய்த்துத் தேய்த்து சிங்கப்பூர் இருந்த இடத்தில் ஓட்டை விழுந்தது. கஷ்டப்பட்டு ஒரு நாடு தேடிக் கொடுத்தால் வேண்டாம் என்கிறாளே என்று அம்மாவிடம் இரண்டு நாள் பேசவில்லை.

அம்மா பிறந்ததை யாரும் பதியவில்லை என்பதோ, சிவப்பு ஐசி இங்கே தங்கலாம் என்று மட்டும் சொல்லும் அட்டை என்பதோ எனக்கு அப்போது தெரியாது. தேர்தல் நாளில் எங்கள் பள்ளிதான் வாக்குச்சாவடி. அப்பாவும் பெரியப்பாவும் வரிசையில் நிற்க, அம்மா கேட்டுக்கு வெளியே மரத்தடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அம்மாவுக்கு வெயில் ஆகாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். எந்த நாட்டோடதும் இல்லை என்று அவள் நெத்திலியைக் கிள்ளிக்கொண்டே சொன்னது தெரியாமல் சொன்ன பதில் அல்ல. அந்த வீட்டில் அதைச் சரியாகத் தெரிந்து வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

பல்கலைக்கழகத்தில் நான் புவியியல் எடுத்தேன். எல்லைகள் பற்றி ஒரு பருவம் முழுக்கப் படித்தேன். இப்போது மலாக்கா டவுனில் வேலை. அம்மா பிறந்த அன்று மருத்துவச்சியை அழைத்துவர ஓடிய பையன் பெரியப்பாதானாம். போன மாதம்தான் சொன்னார். அம்மா இங்கேதான் பிறந்தாள் என்று சாட்சி சொல்ல வர முடியுமா என்று கேட்டேன். மறுநாள் காலை சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். சத்தியப் பிரமாணத்தில் கையெழுத்துப் போடும்போது அவர் கிண்டல் எதுவும் செய்யவில்லை.

குடியுரிமை கேட்பவர்களுக்கு மலாயில் நேர்காணல் இருக்குமாம். “அக்காகிட்ட பேசுற மாதிரி பேசுனா போதுமாடி?” என்று அம்மா கேட்டாள். போதும் என்றேன். செவ்வாய்க்கிழமை காலை அம்மாவைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப்போய், வரிசையில் மூன்றாவதாக நின்று, அவளுடைய குடியுரிமை மனுவைக் கொடுத்தேன். முகப்பில் இருந்த பெண் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்தினாள்.