மெஷின் மேல் உட்கார்ந்த மாப்பிள்ளை

சும்மா சொல்லக்கூடாது, உட்காருவதில் அந்த மாப்பிள்ளையை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. செருப்புக் கடையில் விற்பனையாளர். வருகிறவர்களின் காலடியில் குட்டை ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு காலாகப் பிடித்து அளவு பார்ப்பார். நல்ல வாட்டசாட்டமான உடம்பு. அந்த ஸ்டூல் எப்படித் தாங்குகிறது என்று பார்க்கிறவர்களுக்குத்தான் கவலை, அவருக்கில்லை. கோபம் அவருக்கு வராது. வந்தாலும் யார் மேல் என்று முடிவு செய்வதற்குள் போய்விடும்.

கல்யாணமானதும் மனைவியின் வீட்டோடு வந்து சேர்ந்துவிட்டார். அங்கே மாமியார் வைத்ததுதான் சட்டம். பக்கத்திலிருந்த இரண்டு விடுதிகளின் படுக்கை விரிப்புகளையும் தலையணை உறைகளையும் வாங்கிவந்து, துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுக்கும் தொழிலை வீட்டின் பின்கட்டில் ஒண்டியாக நடத்தியவர் அவர். மாப்பிள்ளையை அவருக்குப் பிடிக்காது என்று சொல்ல முடியாது. எதற்காகப் பிடிக்க வேண்டும் என்று தெரியவில்லை, அவ்வளவுதான். நேரில் பேச வேண்டியிருந்தால் "இங்க பாருங்க" என்பார். முதுகுக்குப் பின்னால் மகளிடம், "செருப்புக் கடை வந்தாச்சா?" என்று கேட்பார். அது மாப்பிள்ளையின் காதிலும் விழுந்திருக்கிறது. எப்படியோ, நான் வந்துவிட்டேனா என்று ஒருத்தர் விசாரிக்கிறாரே என்று அந்த நல்ல மனுஷன் அதற்கும் சந்தோஷப்பட்டார். இப்படி ஒரு பிறவி.

அந்தச் சமயத்தில்தான் மெஷின் வந்தது. முன்பக்கம் வட்டக் கதவு வைத்த பெரிய துவைக்கும் மெஷின். மாமியார் தன் சேமிப்பையெல்லாம் போட்டு வாங்கியது. முதல் நாள் விரிப்புகளை உள்ளே திணித்துவிட்டு வீடே சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. துவைப்பதெல்லாம் ஒழுங்காகத்தான் துவைத்தது. பிழியும் கட்டம் வந்ததும் லேசாக முணுமுணுத்தது, பிறகு குலுங்கியது, பிறகு, கேட்டால் நம்பமாட்டீர்கள், நடக்க ஆரம்பித்தது. தண்ணீர்க் குழாயை வாலாட்டம் இழுத்துக்கொண்டு பின்கட்டைக் கடந்து சமையலறை வாசலுக்கு வந்து நின்று குதித்தது. மாமியார் கையில் கரண்டியோடு ஒரு பக்கம் ஓடினார், மகள் இன்னொரு பக்கம் ஓடினாள். மாப்பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரிந்த ஒன்றைச் செய்தார். போய் அதன் மேல் உட்கார்ந்தார்.

அதோடு மெஷின் ஓர் அடி நகரவில்லை.

வாங்கின கடையில் கேட்டதற்கு, புதுசு அப்படித்தான் ஆடும், போகப்போகச் சரியாகிவிடும் என்றார்கள். நாலைந்து நாள் மாப்பிள்ளையை உட்காரவைத்தே சமாளித்த மாமியார் அதோடு விடவில்லை, கம்பெனி மெக்கானிக்கை வரவழைத்தார். இங்கேதான் உலகத்தில் எந்தக் குடும்பமும் செய்யாத தப்பை இந்தக் குடும்பம் செய்தது. மெக்கானிக் முன்னால் மெஷினை ஓட்டிக் காட்டினார்கள். பிழியும் கட்டம் வந்து அது முணுமுணுத்ததுதான் தாமதம், மாமியார் பழக்க தோஷத்தில், "மாப்ள, உக்காருங்க" என்றார். மாப்பிள்ளையும் உட்கார்ந்தார். மெஷின் சமர்த்தாக ஓடி முடித்தது. வீட்டுக்காரர் சௌகரியமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார் என்று நினைத்த மெக்கானிக், குறை எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போயே போய்விட்டார். அவர் தெருமுனை திரும்பின பிறகுதான் மூன்று பேருக்கும் உறைத்தது. மனைவி சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? "மாப்ள" என்றார் மாமியார். மாப்பிள்ளை அதைக் கவனித்தார். அன்றைக்குக் கடையில் அளவு தப்பாக எத்தனை ஜோடி எடுத்துக் கொடுத்தாரோ தெரியாது.

கையெழுத்துதான் போட்டாயிற்றே, ஆள் உட்கார்ந்தால் மெஷினும் ஓடுகிறதே என்று அதற்கப்புறம் இதுவே வீட்டு வழக்கமாகிப்போனது. செருப்புக் கடை காலையில் தாமதமாகத்தான் திறக்கும். அதற்குள் மாப்பிள்ளை மெஷின் மேல் ஏறி உட்கார்ந்துவிடுவார். எதிரே மாமியார் பாயைப் போட்டு உறைகளை மடிப்பார். அந்தச் சத்தத்தில் பேச வேண்டுமானால் கத்த வேண்டும். மாமியார் கத்திக் கத்தியே தன் வாழ்க்கைக் கதை மொத்தத்தையும் அவரிடம் சொல்லிவிட்டார். புருஷன் போன பிறகு பட்ட பாடு, விடுதிக்காரர் ஏமாற்றப் பார்த்தது, யாரிடமும் சொல்லாதது, மகளுக்கே தெரியாதது, எல்லாம். மாப்பிள்ளை மேலே உட்கார்ந்து குலுங்கிக்கொண்டே, "ஆ-ஆ-ஆமா அத்-த்தை" என்பார். அவர் குரல் ஆடுகிற ஆட்டத்தைக் கேட்டு மாமியாருக்குச் சிரிப்பு வரும். வாழ்க்கையில் தனக்கென்று ஓர் இடம் கிடைத்துவிட்டதாக மாப்பிள்ளை நினைத்தார். அந்த இடம் லேசாகச் சூடாக இருக்கும், அது வேறு விஷயம்.

இந்தக் கூத்தில் இரண்டு வருஷ வாரன்டி சத்தமில்லாமல் முடிந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை. அது முடிந்த கையோடு, கடைக்காரர் மாப்பிள்ளையை வெளியூரில் திறந்த புதுக் கிளைக்குச் சில நாள் அனுப்பினார். இதற்குள் ஆட்டம் சரியாகியிருக்கும் என்று மாமியார் மெஷினை நம்பி ஒரு சுமை போட்டுவிட்டு அப்படி நகர்ந்தார். கட்டுப்படுத்த ஆளில்லாத மெஷின் குழாயைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பி, வாசற்படியில் மோதி, உள்ளே ஏதோ மடாரென்று உடைந்து, வீடெல்லாம் தண்ணீரை விட்டுவிட்டு ஓய்ந்தது. கம்பெனிக்குப் போன் செய்தால் ஒரே பாட்டு: வாரன்டி முடிந்துவிட்டது, எங்கள் பொறுப்பு இல்லை.

மாமியார் தொட்டியில் கையால் துவைக்க ஆரம்பித்தார். எவ்வளவுதான் துவைக்க முடியும்? ஒரு விடுதி வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது. இன்னொன்று, வருஷக் கடைசிவரை பார்ப்போம் என்றது. மாமியாரின் விரல்கள் ஊறி வெளுத்துப்போயின, பேச்சும் குறைந்துபோனது. ஊரிலிருந்து திரும்பிய மாப்பிள்ளையிடம், "இங்க பாருங்க, அந்த வாளியை எடுங்க" என்றார். மாப்பிள்ளைக்கு நெஞ்சில் யாரோ மிதித்ததுபோல் இருந்தது. நான் பாட்டுக்கு உட்காராமல் இருந்திருந்தால் வாரன்டி இருக்கும்போதே குட்டு வெளிப்பட்டிருக்குமே, எல்லாம் என்னால்தானே என்று புழுங்கினார்.

மனைவிதான் வழி சொன்னாள். அவள் ஓர் அச்சகத்தில் வேலை பார்ப்பவள், அச்சுக்கு வருகிற எதையும் படிக்காமல் விடமாட்டாள். "வாரன்டிதாம்மா முடிஞ்சுது, நம்ம உரிமையா முடிஞ்சுது? செய்யும்போதே இருந்த கோளாறுன்னா அப்புறமும் கேக்கலாம். நுகர்வோர் மன்றத்துக்குப் போவோம். வக்கீல்கூட வேண்டாம், நாமளே பேசலாம்" என்றாள். மாமியார் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி மனுக் கொடுத்தார். மாப்பிள்ளை உட்கார்ந்ததையும் சேர்த்துத்தான். பொய் சொல்லத் தெரியாத குடும்பம், என்ன செய்வது.

கம்பெனி வக்கீலுக்கு அது போதாதா? விசாரணை நாளன்று, மன்றத்து நடையில் மாமியாரை ஓரமாக அழைத்துச் சிரித்த முகமாகவே பேசினார். இவ்வளவு பெரிய ஆள் இரண்டு வருஷம் மேலே உட்கார்ந்தால் எந்த மெஷின்தான் தாங்கும், வழக்கு நிற்காது என்றார். ஆனாலும் கம்பெனிக்கு உங்கள்மேல் இரக்கம் உண்டு. மருமகன் எனக்குத் தெரியாமல், தன் முட்டாள்தனத்தால் உட்கார்ந்து கெடுத்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், மெஷினில் குறையில்லை என்று முடித்துக்கொண்டு நாளைக்கே புது மெஷின் அனுப்புகிறோம் என்றார்.

நாளைக்கே மெஷின். வருஷக் கடைசியில் விடுதி கைவிட்டுப் போகாது. மாமியார் ஊறி வெளுத்த தன் விரல்களைப் பார்த்தார். மாப்பிள்ளைதான் முந்திக்கொண்டு, "எழுதிக் குடுத்துடுங்க அத்தை. என்னை முட்டாள்னு சொன்னா எனக்கென்ன குறைஞ்சுடப் போகுது? உங்க கை படற பாட்டை என்னால பார்க்க முடியல" என்றார். மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். வக்கீலிடம், "உள்ள வாங்க, அங்க சொல்றேன்" என்று விறுவிறுவென நடந்தார்.

உள்ளே தலைவராக ஓர் அம்மா மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். மாமியார் நேராகப் போய் நின்றார்.

"அம்மா, உக்காரச் சொன்னது நான். எங்க மாப்பிள்ளை தானா ஒரு நாளும் ஏறலை. நான் கூப்பிட்டப்பல்லாம் சாப்பிடற தட்டை அப்படியே வெச்சுட்டு ஓடிவந்து உக்காந்தவர். அவரை முட்டாள்னு எழுதிக் குடுத்தாத்தான் மெஷின் வரும்னா, அந்த மெஷின் எனக்கு வேண்டாம். நான் கையாலயே துவைச்சுக்கறேன்."

மாப்பிள்ளை கைக்குட்டையைத் தேடினார். அகப்படவில்லை. சட்டைக் கையாலேயே துடைத்துக்கொண்டார்.

தலைவர் அம்மா வக்கீலைப் பார்த்து, அவர் உட்கார்ந்தது இருக்கட்டும், உட்கார வேண்டிய நிலைமை ஏன் வந்தது என்று கேட்டார். வக்கீல் தரை சரியில்லாமல் இருக்கலாம் என்று இழுத்தார். மன்றம் சொல்லியிருந்தபடி வீட்டிலிருந்து மெஷினை ஏற்றிவந்த வண்டி வாசலில் நின்றது. மன்றமே ஏற்பாடு செய்திருந்த வேறொரு மெக்கானிக் அதை முற்றத்தில் இறக்கி, எல்லோர் முன்னாலும் மேல்மூடியைக் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்தவர் விசிலடித்தார்.

"பிழியறப்ப குதிக்காம இருக்கணும்னு மேல ஒரு கான்கிரீட் கல்லை முடுக்கி வெப்பாங்க. இதுல அது இல்ல. கழண்டு விழல, உடையல. முடுக்கின தடமே இல்ல பாருங்க. கம்பெனில வெக்கவே மறந்துட்டாங்க."

தலைவர் அம்மா குனிந்து, வெறுமையாகக் கிடந்த ஆணித் துளைகளைப் பார்த்தார். நிமிர்ந்து, "அப்ப இத்தனை நாளா அந்தக் கல்லோட வேலையைப் பார்த்தது யாரு?" என்றார்.

முற்றத்தில் இருந்த அத்தனை தலையும் திரும்பியது. மாப்பிள்ளை, பள்ளிக்கூடப் பிள்ளையாட்டம் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

அவ்வளவுதான், ஓர் இரைச்சல். குமாஸ்தா சிரித்தார், மெக்கானிக் சிரித்தார், தலைவர் அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். வக்கீல் அடக்கிப் பார்த்து, முடியாமல் அவரும் குலுங்கினார். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. மாப்பிள்ளை பக்கத்தில் போய் நின்றுகொண்டார், எங்கள் வீட்டு ஆள் என்கிற மாதிரி.

தீர்ப்பைச் சொல்லும்போது தலைவர் அம்மா, "இது வாரன்டி முடிஞ்ச பிறகு கெட்டுப்போன பொருள் இல்ல. விக்கும்போதே முழுசா இல்லாத பொருள்" என்றார். புது மெஷினும், மாமியாரின் தொழிலில் விழுந்த துண்டுக்கு ஈடும் கொடுக்கும்படி உத்தரவானது.

புது மெஷின் வருஷக் கடைசிக்கு முன்பே வந்து சேர்ந்தது. பிழியும் கட்டம் வந்தபோது மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இம்மி நகரவில்லை. சத்தம்கூட இல்லை. மனைவி கைதட்டினாள், மாமியார் முகம் மலர்ந்தது, மாப்பிள்ளையும் சிரித்தார். சிரித்தாரே தவிர, உள்ளுக்குள் சப்பென்று ஆகிவிட்டது. இனி அந்த வீட்டில் தனக்கு என்ன வேலை என்று அன்றைக்கு முழுவதும் யோசித்தார். கடையில் ஒருவருடைய காலைப் பிடித்துக்கொண்டே வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தாராம்.

மறுநாள் காலை எழுந்திருக்கத் தோன்றாமல் படுத்துக் கிடந்தார். அறை வாசலில் மாமியார் வந்து நின்றார்.

"மாப்ள, மெஷினைப் போட்டுட்டேன். வாங்க."

"அதான் நகராதே அத்தை."

"நகராதுதான். நான் யார்கூடப் பேசறது?"