நண்டுக் காலில் மஞ்சள் நூல்

தேவநேசன் பழவேற்காட்டில் மிஷன் பள்ளி வாத்தியார். மற்ற வாத்தியார்கள் சாயங்காலமானால் சீட்டாடுவார்கள். இவன் நண்டு பிடிப்பான். பிடித்துத் தின்றாலும் ஒரு நியாயம் உண்டு. காலில் பட்டு நூலைக் கட்டித் திரும்ப விட்டுவிடுவான். ஏரியின் வடகரை நண்டுக்குச் சிவப்பு நூல், தென்கரை நண்டுக்கு மஞ்சள். நூலெல்லாம் அவன் பெண்டாட்டி சாரா ஆரணியில் தாய்வீட்டுக் கழிவுப் பட்டில் சாயம் போட்டு அனுப்பியது.

இரண்டு வருஷம் இப்படி அலைந்ததில் ஒன்றைக் கண்டுபிடித்தான். தென்கரையில், கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கும் காளவாய்ப் பக்கம், சிவப்பு நூல் நண்டுகள் கிடைத்தன. அப்படியென்றால் வடகரை நண்டு ஏரியைக் கடந்து வருகிறது!

1895இல் ஆரணிச் சாயத்தைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஓர் ஆராய்ச்சிச் சங்கத்தார் ரயிலேறி வந்தார்கள். ஆரணிப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். நூலும் கட்டுரையுமாக வந்து சேர்ந்த தேவநேசனுக்கும் கால் மணி நேரம் கொடுத்தார்கள். சங்கம் ஒப்புக்கொண்டால் அச்சில் வரும். இல்லையென்றால் இரண்டு வருஷப் பாடும் சேற்றோடு போச்சு.

தடுமாறாமல்தான் படித்தான். முடித்ததும் சாய வியாபாரி சுப்பராயலு எழுந்தார்.

"தம்பி, மஞ்சக்கெழங்குல சுண்ணாம்பு பட்டா இன்னா ஆவும்?"

"செவக்கும்ங்க."

"காளவாய்ப் பக்கம் தண்ணியெல்லாம் சுண்ணாம்பு. உன் மஞ்ச நூலு அங்கியே செவந்துபோயிருக்கும். ஒரு நண்டும் ஏரிய தாண்டல. அதுங்க பாட்டுக்கு வூட்லயே குந்திகினு இருந்துச்சி!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தேவநேசன் கையிலிருந்த மஞ்சள் நூலையே பார்த்தான். சமையற்கட்டில் புழங்கும் எவளுக்கும் தெரிந்த சங்கதி, இத்தனை படித்தவன் மண்டையில் ஏறவில்லையே!

பெண்கள் பக்கமிருந்து சாரா எழுந்தாள்.

"ஐயா, அது மஞ்சக்கெழங்கு இல்லீங்க. மாதுளம் ஓட்டுச் சாயம். படிகாரம் போட்டுக் காய்ச்சினது."

"வாயால யாரு வேணா சொல்லலாம்மா."

"உங்க வெத்தலப் பெட்டியில சுண்ணாம்பு கீதில்ல? நூலு அவர் கையிலதான் கீது. தடவிப் பாருங்க."

தடவினார். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

"சுண்ணாம்பு பழசோ இன்னாவோ" என்று இழுத்தார்.

"அப்ப உங்க வேட்டியில மத்தியானக் கொழம்பு சிந்திகினு கீது பாருங்க, அதுல தடவுங்க."

சபைக்கு நடுவே வேறு வழியில்லை. தடவினார். கறை குங்குமமாய்ச் சிவந்தது. இந்த முறை கூட்டம் சிரித்தது அவரைப் பார்த்து. சங்கத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கலாம் என்றார்.

வெளியே வந்ததும் தேவநேசன் சாராவின் பக்கம் திரும்பினான்.

"மாதுளம் ஓடுன்னு ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"நீங்க எப்ப கேட்டீங்க? கெழங்குச் சாயம் வெயில்ல வெளுத்துப்பூடும், அதான் மாத்தினேன்."

"செவப்பு? அது எதுல போட்ட?"

"அரக்குல. ஏரியே வத்தினாலும் அது மஞ்சளாவாது. மூச்சு வுடுங்க."

விட்டான்.