மூன்று மணிக்கு நின்ற ரயில்

மூர்த்தி அவர்கள் காலமான செய்தியை அவருடைய மனைவி திலகம் அக்காதான் தொலைபேசியில் சொன்னார். "தம்பி அல்பிரட், அவர் இண்டைக்குக் காலமை போயிட்டார்." அந்தக் குரலை நான் நான்கு வருடமாகக் கேட்கவில்லை. எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை, ஆத்திரம். பதினைந்து பேருக்கு முன்னால் என்னைப் பற்றி அவர் சொன்ன வார்த்தையை இனி யார் திருப்பி எடுப்பது? சொன்ன வாய் மூடிவிட்டதே.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதும்படி அக்கா கேட்டார். மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததையும் காட்டினார். சாந்தமானவராம். எவர் மனதையும் நோகடிக்காதவராம். இவர்கள் வேறு யாரையோ எரித்துவிட்டு வந்தார்களோ என்று நினைத்தேன்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நடேசமூர்த்தி அவர்கள் வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த நான்காம் மாடி வீட்டில், ஓர் அறை முழுவதும் மேசை அடித்து, அதன்மேல் சின்ன ரயில் பாதை போட்டிருந்தார். வெள்ளவத்தை, தெகிவளை, கல்கிசை என்று கொழும்புக் கரையோர ஸ்டேஷன்கள், பக்கத்தில் நீலம் பூசிய கடல். நான் நகரின் மறுகோடியில் கொட்டாஞ்சேனைக்காரன், துறைமுகத்தில் முப்பது வருடம் எலெக்ட்ரீசியன். அவர் வீட்டு ஏசியின் பிளக் எரிந்ததைப் பார்க்கத்தான் முதலில் போனேன். கதவு திறந்திருந்ததால் அந்த அறையை எட்டிப் பார்த்தேன். "தொடாதேங்கோ. இது விளையாட்டுச் சாமானில்லை" என்றார். தொடவில்லை. ஆனால் தெகிவளையைத் தாண்டியதும் ரயில் நொண்டியதைப் பார்த்துவிட்டேன்.

அவ்வளவு நீளப் பாதைக்கும் ஒரே ஓர் இடத்தில்தான் மின்சாரம் கொடுத்திருந்தார். தூரம் போகப் போக அது செத்துப்போனது. நான் மேசைக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, மூன்றடிக்கு ஒருமுறை வயர் கொடுத்தேன். வலத் தண்டவாளத்துக்குச் சிவப்பு, இடத்துக்குக் கறுப்பு. ரயில் கல்கிசை வரை ஒரே மூச்சில் ஓடியது. "ஓம், இப்ப பரவாயில்லை" என்றார். அடுத்த சனிக்கிழமை ரயில் பார்க்க வந்த நண்பர்களிடம், "நான் வயரை மாத்திப் போட்டனான்" என்றார். நான் அப்போது வெளியே நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். அறைக்குள் குடிக்க விடமாட்டார்.

ஆனாலும் மூன்று வருடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு பஸ் மாறிப் போனேன். உனக்கு ரோசமில்லையா என்று என் மனைவி கேட்பாள். அந்த ரயில் ஓடுவது எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

பிறகு அவருக்கு ஓர் ஆசை வந்தது. கல்கிசையில் ரயில் ஒரு வளையம் சுற்றி, வந்த பாதையிலேயே திரும்ப வேண்டும். அப்படித் திரும்பினால் வலத் தண்டவாளம் போய் இடத் தண்டவாளத்தோடு சேரும். சிவப்பும் கறுப்பும் முட்டி ஷார்ட் ஆகும். அதைத் தடுக்க வளையத்தின் இரண்டு வாயிலும் இரு தண்டவாளங்களையும் வெட்டிப் பிரிக்க வேண்டும். வளையத்துக்குத் தனி வயரும், சிவப்பையும் கறுப்பையும் மாற்றிக் கொடுக்க ஒரு சுவிட்சும் நான் போட்டேன். வெட்டுவதை அவர் வேறு யாருக்கும் விடவில்லை. ஏசிக் குளிரில் உட்கார்ந்து, மெல்லிய வாளால் மயிரிழை அளவுக்கு வெட்டினார். "வெட்டு கண்ணுக்குத் தெரியக்கூடாது, அல்பிரட். தெரிஞ்சா அசல் மாதிரி இராது."

"கொஞ்சம் அகலமா வெட்டுங்க மிஸ்டர் மூர்த்தி. நடுவுல ஒரு பிளாஸ்டிக் துண்டு வைங்க" என்றேன்.

"பாங்கில நான் ஒருத்தரிட்டயும் புத்தி கேக்கேல்ல" என்றார்.

வளையத்தைக் காட்ட ஒரு நாள் பதினைந்து பேரை அழைத்தார். கீழே கடற்கரையோரம் ஓடும் அசல் ரயிலின் சத்தமும் கேட்க வேண்டுமென்று ஏசியை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்துவிட்டார். காலையில் ஒழுங்காக ஓடிய ரயில் மூன்று மணிக்கு வளைய வாயிலில் நின்றது. மேற்கு வெயில் நேராக மேசையில் விழுந்துகொண்டிருந்தது. வெயிலில் தண்டவாளம் நீண்டு அந்த மயிரிழை வெட்டு மூடிக்கொண்டது எனக்கு உடனே விளங்கியது. "வெட்டைப் பாருங்க, ஒட்டிக்கிச்சு" என்றேன். அவர் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. வந்தவர்களைப் பார்த்துச் சொன்னார்: "கொட்டாஞ்சேனை வயரிங் எண்டா இப்பிடித்தான். துறைமுகத்தில கிரேனுக்கும் இந்தக் கைதானாம். எத்தினை பேர் செத்தவையோ!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் என் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

என் வயரால் துறைமுகத்தில் ஒருவருக்கு விரல்கூடச் சுட்டதில்லை. ஆனால் உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அந்த மாடி வீடுகளில் என்னை வேலைக்குக் கூப்பிட்டவர்கள் பிறகு கூப்பிடவில்லை. ஒரு வீட்டம்மா முகத்துக்கு நேரே, "எங்கட வீட்டிலயும் ஷார்ட் ஆகாதுதானே?" என்று கேட்டார்.

மலர் விஷயமாகப் போன அன்று அக்கா அந்த அறையைத் திறந்துவிட்டார். மேசைக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். நான் போட்ட வயர்கள் போட்டபடியே இருந்தன. ஒன்றைக்கூட அவர் மாற்றவில்லை. எழுந்து வளையத்தைப் பார்த்தேன். நான்கு வெட்டுகளும் அகலமாக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பிளாஸ்டிக் துண்டை அளவாக அராவி ஒட்டியிருந்தார். நான் சொன்ன அதே வேலை. சுத்தமான வேலை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"இது எப்ப செஞ்சது அக்கா?"

"நீங்க கோவிச்சுப் போன அடுத்த கிழமை. என்ர பழைய பாங்க் கார்ட் ஒண்டை வெட்டித்தான் ஒட்டினவர். பிறகு ஒருத்தரையும் கூப்பிடேல்ல. தனிய இருந்து ஓட்டுவார்."

அடுத்த கிழமை! ஒரே வாரத்தில்! நான்கு வருடம் அந்த மனிதர் உண்மை தெரிந்துகொண்டே ரயில் ஓட்டியிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார். கையெட்டும் தூரத்தில் தொலைபேசி இருந்தது.

"அக்கா, என்னால நல்லதா எழுத ஏலாது" என்றேன்.

"நல்லதா எழுதப் பன்ரெண்டு பேர் இருக்கினம். நீங்க நடந்ததை எழுதுங்கோ" என்றார் அக்கா. "எனக்கும் நாப்பத்தொரு வருசம், அவர் விட்ட பிழை எல்லாம் என்ர தலையிலதான்."

அன்று சிரித்தவர்களில் ஏழு பேரை அக்காவே போன சனிக்கிழமை அழைத்தார். ஏசியை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்தோம். வெயில் மேசையில் விழும்வரை அவர்களைக் காக்க வைத்தேன். மூன்று மணிக்கு ரயில் வளையத்துக்குள் போனது. சுவிட்சைத் திருப்பினேன். துளியும் தயங்காமல் வெளியே வந்து வெள்ளவத்தைப் பக்கம் ஓடியது.

"வயரிங் ஆர் போட்டது?" என்று அக்கா உரக்கக் கேட்டார். ஏழு பேரும் ரயிலையே பார்த்தார்கள்.

"அல்பிரட்" என்று அவரே சொன்னார்.

மூர்த்தி அவர்களே, உங்களுக்காக நான் அழவில்லை. நீங்கள் ஒளித்து வைத்ததை உங்கள் படம் இருக்கும் இந்த மலரிலேயே அச்சில் போட்டுவிட்டேன். வயரிங் சரி. வெட்டுத்தான் பிழை. இனி நீங்கள் போகலாம்.