நாற்பத்து மூன்று பேரும் நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க

2016 அக்டோபர் கடைசியில் திண்டிவனத்து வெனிலாவுக்கு ஒரு விஷயம் புரியவே இல்லை. அதுவரை அவள் நாற்பத்து மூன்று பேருக்கு வேலை செய்து கொடுத்திருந்தாள். நாற்பத்து மூன்று பேரும் ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள். நாலு போட்டவர் என்று மருந்துக்கும் ஒருவர் இல்லை. ஆனால் அவளுடைய மதிப்பெண் மட்டும் இறங்கிக்கொண்டே போனது. ஆகஸ்டில் நூறு, செப்டம்பரில் தொண்ணூற்று ஐந்து, இப்போது தொண்ணூற்று ஒன்று.

வேலை வீட்டிலிருந்தபடியேதான். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து போட்டோ திருத்துவது. வெளிநாட்டுக் கடைக்காரர்கள் செருப்பையும் கைப்பையையும் படம் பிடித்து அனுப்புவார்கள். பின்னால் தெரியும் மேசையையும் சுவரையும் வெட்டி எடுத்துவிட்டு வெள்ளையில் நிறுத்தித் தர வேண்டும். வேறு சிலர் கிழிந்து மங்கிப்போன பழைய குடும்பப் படங்களை அனுப்புவார்கள். அதை ஒட்டித் துடைத்துப் புதுசாக்க வேண்டும். வேலை கேட்பவரையும் செய்பவரையும் சேர்த்து வைப்பது ஒரு இணையதளம். மதிப்பெண் தொண்ணூறுக்கு மேலே இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நீலப் பட்டை ஒட்டுவார்கள். பட்டை இருந்தால் தேடுகிறவர் கண்ணில் முதல் பக்கத்திலேயே படலாம். பட்டை போனால் இருநூறாவது பக்கம்; அங்கே எவன் வந்து பார்க்கப் போகிறான்? அடுத்த மதிப்பெண் நவம்பர் பதினைந்தாம் தேதி.

பட்டை போனால் அவளுக்கு வேறு போக்கிடம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து அரங்கநாதன் ஸ்டுடியோதான். ஆறு வருஷம் அங்கேதான் கம்ப்யூட்டரில் இருந்தாள். போன வருஷம் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். வந்தவள் சும்மா வந்தாளா? “இனிமே இந்தப் படிய மிதிச்சா என் பேரு வெனிலா இல்ல” என்று நாலு வாடிக்கையாளர் முன்னால் சொல்லிவிட்டு வந்தாள். அரங்கநாதன் டீ கிளாஸைக் கூடக் கீழே வைக்காமல், “வருவ, வருவ” என்றார். அந்த இரண்டாவது ‘வருவ’ அவளுக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

விழுப்புரத்தில் மொபைல் கடை வைத்திருக்கும் சித்தி மகன் சகாய பிரவீனுக்குப் போன் போட்டாள். தளத்தில் அவள் பெயரைப் பதிந்து கொடுத்தவனே அவன்தான்.

“அக்கா, ஸ்டாரு வேற, இது வேற. ஸ்டாரு எல்லாருக்கும் தெரியறது. அப்புறமா கம்பெனிக்காரன் அவங்கள தனியா ஒரு கேள்வி கேக்குறான். ‘இந்தப் பொண்ண உன் ஃபிரண்டுக்குச் சொல்லுவியா, பத்துக்கு எத்தினி மார்க்?’ன்னு. அவங்க இன்னா போட்டாங்கன்னு உனக்குக் காட்ட மாட்டான். மொத்தமாச் சேத்து ஒரு நம்பரத்தான் காட்டுவான்.”

“ஏன்டா காட்ட மாட்டான்?”

“காட்டுனா நீ போய் அவங்ககூட மல்லுக்கு நிப்பியே!”

“நான் எதுக்குடா மல்லுக்கு நிக்கறேன்? இன்னா தப்புன்னு தெரிஞ்சா திருத்திக்குவேன் இல்ல?”

“அதான் வழியில்லன்றேன். நீ கேக்கவும் கூடாது. மார்க்கப் பத்திக் கேட்டன்னு தெரிஞ்சா அக்கவுண்டையே மூடிடுவான். பேஜாராயிடும். கம்முனு இரு.”

கம்மென்று இருக்கிற ஜென்மமா அது? பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மடியில் ஒரு மூட்டை இருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வெனிலாவால் இறங்க முடியாது. ஒருமுறை பாண்டிச்சேரியிலிருந்து வரும்போது கிளியனூரில் இறங்க வேண்டியவள், யாரோ ஒருவர் கூடைக்குள் அசைவது முயலா கோழியா என்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நேரே திண்டிவனம் வந்து சேர்ந்தாள். முயல்தான். அப்படிப்பட்டவளிடம் போய், முகத்துக்கு நேரே சிரித்தவர்களில் யாரோ சிலர் முதுகுக்குப் பின்னால் மார்க்கைக் குறைத்திருக்கிறார்கள், யார் என்று கேட்காதே என்றால்?

ஒரு நோட்டு வாங்கி நாற்பத்து மூன்று பெயரையும் எழுதினாள். தாமதமா? இல்லை, எல்லாம் ஒருநாள் முன்னாலேயே போனவை. இங்கிலீஷா? பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தால், ஐயோ, பெண்களுக்கெல்லாம் ‘டியர் சார்’ என்று எழுதித் தொலைத்திருந்தாள். இதுதான், இதுவேதான் என்று குதித்தாள். ஆனால் கைப்பைக்காரி ஒருத்தி அதே ‘டியர் சாரை’ வாங்கிக்கொண்டு ஐந்து தடவை திரும்பி வந்திருக்கிறாளே! அதுவும் இல்லை. பிரவீன், “உன் போட்டோ மொறைக்கற மாதிரி இருக்குதுக்கா” என்றான். அதையும் மாற்றிப் பார்த்தாள்.

கடைசியில் யார் திரும்பி வந்தார், யார் வரவில்லை என்று பிரித்தாள். செருப்பு, பை, கடிகாரம் அனுப்பியவர்கள் இருபத்தாறு பேர்; முக்கால்வாசிப் பேர் மறுபடி வந்திருந்தார்கள். முகம் அனுப்பியவர்கள் பதினேழு பேர், ஒருவர்கூடத் திரும்பவில்லை. முதலில் அவளே அதற்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள்: ஒருத்தருக்கு ஒரு அம்மாதானே, அந்தப் படத்தைச் சரி பண்ணியாயிற்று, பிறகு எதற்கு வரப்போகிறார்கள்? ஆனால் அம்மாவுக்கு அப்புறம் அப்பா இருப்பாரே, மாமன் அத்தை இருப்பார்களே என்று மனசு குடைந்தது.

அதுவும் முகத்திலா குறை? முகம்தான் அவளுடைய கைராசி. அரங்கநாதன் ஸ்டுடியோவில் அதற்கு ‘முகம் கழுவுறது’ என்று பெயர். மணப்பெண் ஆனாலும் செத்துப்போன தாத்தா ஆனாலும் நாலு வேலை: நிறத்தைக் கொஞ்சம் ஏற்றுவது, தழும்பு மச்சம் புள்ளிகளை எடுப்பது, கண்ணுக்குக் கீழே கறுப்பைத் துடைப்பது, முன்மண்டையில் முடியை நிரப்புவது. “யாரும் வாயத் தொறந்து கேக்க மாட்டான். கேக்காமலே பண்ணிக் குடுக்கணும். அதான் மரியாதை” என்பார் அரங்கநாதன். சண்டை போட்டு வந்தாலும் தொழிலை விட்டா வந்தாள்? அயர்லாந்திலிருந்து மோரீன் என்று ஒரு அம்மாள் தன் தாயாரின் கிழிந்த படத்தை அனுப்பியபோது, கிழிசலை ஒட்டச் சொல்லித்தான் கேட்டிருந்தார். வெனிலா நாலு வேலையும் சேர்த்துச் செய்து, ‘உங்கள் அம்மாவுக்காக ஜெபித்தேன்’ என்றும் எழுதி அனுப்பினாள். ‘மிகவும் அன்பானவர், மிக வேகம்’ என்று ஐந்து நட்சத்திரம் வந்தது. அப்புறம் என்ன குறை? அந்தப் படத்தை மறுபடி திறந்து பார்த்தாள். குறை ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். காலையிலேயே வெனிலாவும் அம்மா ஞானமேரியும் மெழுகுவத்தி, சாமந்தி மாலையோடு கல்லறைக்குப் போனார்கள். அப்பா பாக்கியராஜ் லாரி டிரைவர். போய் நாலு வருஷம் ஆகிறது. சிலுவையைக் கழுவி, மாலை போட்டு, வத்தி ஏற்றினார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போனதும் ஞானமேரி ஜெபப் புத்தகத்தைப் பிரித்து, நடுவிலிருந்து ஒரு சின்னப் படத்தை எடுத்துச் சிலுவைமேல் சாய்த்து வைத்தார். லைசென்சுக்கு எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படம். ஓரமெல்லாம் மடங்கி, பாதி வெளுத்திருந்தது.

“ஏம்மா, இத எங்க வெச்சிருந்த? கூடத்துலதான் அப்பாவுது பெருசா மாட்டியிருக்குதே. நான் பண்ணிக் குடுத்தது. அத எடுத்தாந்திருக்கலாம் இல்ல?”

ஞானமேரி மெழுகுவத்தியைக் காற்றுக்கு மறைத்துக்கொண்டே, “அது இருக்கட்டும்டி” என்றார்.

“இருக்கட்டும்னா?”

“உடு. ஜெபம் சொல்லு.”

உடுவாளா? பாதி ஜெபத்திலேயே மறுபடி ஆரம்பித்தாள். “சொல்லும்மா. அது நல்லா இல்லியா?”

“நல்லாத்தான் இருக்குது. வந்தவங்கெல்லாம் ராசா மாதிரி இருக்காருன்னுதான் சொல்றாங்க.” ஞானமேரி சின்னப் படத்தின் மடங்கிய ஓரத்தை நீவிவிட்டார். “உங்கப்பா ராசா மாதிரியாடி இருந்தாரு? கறுப்பு. புருவத்துல லாரி ஜாக்கி அடிச்ச தழும்பு. காது ரெண்டும் வெளிய நீட்டிக்கினு இருக்கும். அந்தப் படத்துல யாரோ இருக்காரு. நானும் அவுருகிட்ட பேசிப் பாத்தேன், வாய் வரல. அதான் இத வெச்சிக்கினு இருக்கேன்.”

“நாலு வருசமாவா? ஏம்மா என்கிட்ட சொல்லல?”

“எப்பிடிச் சொல்லுவேன்? அழுதுகினே ரெண்டு நாளு உக்காந்து பண்ண. நல்லா இருக்காம்மான்னு மூஞ்சிய மூஞ்சியப் பாத்த. நல்லா இல்லன்னு சொல்ல எனக்கு மனசு வருமா?”

வெனிலாவுக்குச் சுருக்கென்றது. கூடவே தலைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. பதினேழு முகம்! பதினேழு பேரும் அம்மா மாதிரியேதான் சொல்லியிருக்கிறார்கள். நல்லா இருக்கு என்று சிரித்துவிட்டு, யாருக்கும் தெரியாத இடத்தில் உண்மையை வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து முக்காட்டைக்கூட எடுக்காமல் கம்ப்யூட்டரைப் போட்டாள். மோரீன் அம்மாள் முதலில் அனுப்பிய படத்தையும் தான் திருத்தியதையும் பக்கம் பக்கமாக வைத்தாள். பழைய படத்தில் அந்தத் தாயாரின் கன்னம், மூக்கு, நெற்றியெல்லாம் பழுப்புப் புள்ளிகள். படம் பூஞ்சை பிடித்திருக்கிறது என்று நினைத்து ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்திருந்தாள். இப்போது பெரிதாக்கிப் பார்த்தால், சட்டையில் ஒரு புள்ளி இல்லை, பின்சுவரில் ஒன்று இல்லை. முகத்தில் மட்டும் பூஞ்சை பிடிக்குமா? பிறவிப் புள்ளிகள்! முன்பற்களுக்கு நடுவே ஒரு சந்து இருந்தது, அதையும் அடைத்திருந்தாள். “சேசுவே, ஒருத்தியோட அம்மாவையே அழிச்சிட்டேனே” என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அந்தப் படத்தை முதலிலிருந்து செய்தாள். கிழிசலை மட்டும் ஒட்டினாள். கூட எழுதிய கடிதத்தில் நட்சத்திரம், மார்க் என்று ஒரு வார்த்தைகூட வராமல் மூன்று தடவை படித்துப் பார்த்தாள். ‘உங்கள் அம்மாவின் முகத்தில் நான் கை வைத்திருக்கக் கூடாது. அவரை இருந்தபடி அனுப்புகிறேன். நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்.’ அவ்வளவுதான். மற்ற பதினாறு பேருக்கும் அடுத்த நாட்களில் அப்படியே அனுப்பினாள். போட்ட மார்க் போட்டதுதான், அதை யாராலும் மாற்ற முடியாது என்று பிரவீன் சொல்லியிருந்தான். அது தெரிந்தேதான் அனுப்பினாள்.

பதினைந்தாம் தேதி காலையில் எண்பத்தெட்டு. பட்டை இல்லை. பெயர் மொட்டையாக நின்றது. தெரிந்த அடிதான், ஆனாலும் வலித்தது. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பத்து மணிக்கு மோரீனிடமிருந்து கடிதம் வந்தது. ‘இவர்தான் என் அம்மா. பார்த்ததும் அழுதுவிட்டேன். முதல் படம் வந்தபோது சொல்லத்தான் நினைத்தேன். நீங்கள் ஜெபித்ததாக எழுதியிருந்தீர்கள். உங்கள் மனதை எப்படி நோகடிப்பது? தளம் தனியாகக் கேட்டபோது மூன்று என்று போட்டேன். மன்னித்துவிடுங்கள்.’

மூன்று! வெனிலா திரையைத் தொட்டே பார்த்தாள். அழுத கண்ணோடு சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாள் தேடிய மூட்டையை ஒருத்தி பிரித்துக் காட்டிவிட்டாளே. உடனே பிரவீனுக்குப் போன் போட்டு, “டேய், மூணுடா, பத்துக்கு மூணு போட்டிருக்காங்க!” என்று கத்தினாள். அவன் பயந்துபோய், “அக்கா, உனக்கு உடம்பு ஏதும் சரியில்லியா?” என்றான்.

பிறகு நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடலாம். தை மாதம் அவள் அரங்கநாதன் படியை மிதிக்கத்தான் வேண்டியிருந்தது. “வந்துட்டியா?” என்றார் அவர். “வந்துட்டேங்க” என்றாள், பெயரையும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் முகத்தில் கை வைக்கும் முன் ஒவ்வொருவரிடமும், “இதுல எதத் தொடக் கூடாது?” என்று கேட்டாள். ஒலக்கூர்ப் பெண் ஒருத்தி, “எல்லாத்தையும் தொடுங்க அக்கா, நல்லா வெள்ளையாக்கிடுங்க” என்றாள். சரி, அவள் முகம், அவள் இஷ்டம். தளத்திலும் அதே கேள்வியை முதல் வரியாகப் போட்டாள். தாடையில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு, ஒரு பக்கம் இறங்கிய கண், உதட்டுக்கு மேலே மச்சம் என்று பதில்கள் வந்தன. ஜூன் மாதம் பட்டையும் வந்தது.

பட்டை போன அந்த நவம்பர் பதினைந்துக்கு வருவோம். வேறு வேலை இல்லை. பிற்பகலில் அம்மாவின் ஜெபப் புத்தகத்திலிருந்து அந்தச் சின்னப் படத்தைக் கேட்டு வாங்கி, ஸ்கேன் செய்து பெரிதாக்கினாள். வெளுப்பை மட்டும் எடுத்தாள். கறுப்பு கறுப்பாகவே இருந்தது. ஜாக்கித் தழும்பும் அப்படியே. ஞானமேரியைக் கூப்பிட்டு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தாள்.

“எப்பிடிம்மா இருக்குது?”

“நல்லா இருக்குதுடி.”

“இந்தக் கதையே வாணாம். என் மூஞ்சியப் பாக்காத, அப்பா மூஞ்சியப் பாத்துச் சொல்லு. பத்துக்கு எத்தினி?”

ஞானமேரி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே போனார். வெகுநேரம் பார்த்தார். “எட்டு” என்றார்.

“ரெண்டு எங்க போச்சு?”

“எடது காது இன்னும் வெளிய நீட்டிக்கினு இருக்கும். போட்டோக்காரன் தலையத் திருப்பி வெச்சி மறைச்சிட்டான்.”

வெனிலா மௌஸை எடுத்துக் காதைக் கொஞ்சம் இழுத்தாள். “இன்னும்” என்றார் ஞானமேரி. இன்னும் இழுத்தாள். “போதும், போதும், அங்கியே நிறுத்து.” ஞானமேரி ஸ்டூலிலிருந்து சட்டென்று எழுந்து, தோளிலிருந்து நழுவிய முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

“ம், வந்துட்டாரு. இப்பப் பாரு, உலை வெச்சியான்னு கேக்கப் போறாரு.”