எடைத் திருகு இல்லாத பெட்டி

குறைந்த பணத்தில் ரெக்கார்டு பிளேயர் வாங்குகிறவன் முதலில் பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல, ஸ்பீக்கரை அல்ல, ப்ளூடூத் இருக்கிறதா என்பதையும் அல்ல. முள்ளைத் தாங்கிக்கொண்டு இசைத்தட்டின் மேல் போகிறதே ஒரு கை, அதன் பின்முனையில் எடைத் திருகு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முள் தட்டின் மேல் எவ்வளவு பாரமாக உட்காரலாம் என்பதை அந்தத் திருகைத் திருப்பித்தான் வைக்க முடியும். திருகு இல்லாத மலிவுப் பெட்டியில் முள் தன் இஷ்டத்துக்கு அழுத்தும். தட்டை உழுதுகொண்டே பாடும்.

இதை நான் இரண்டு மாதம் படித்தும் வீடியோ பார்த்தும் தெரிந்துகொண்டேன். தனி நோட்டு போட்டு எழுதியும் வைத்தேன். அதற்குப் பிறகு திருகு இல்லாத பெட்டியைத்தான் வாங்கினேன். தெரியாமல் வாங்கியிருந்தால் இதை எழுதும் தேவை வந்திருக்காது.

மும்பை செம்பூரில் நான் வேலை பார்க்கும் ஆபீஸில் என் செக்‌ஷன் தலைவர் மாட்டுங்காக்காரர். மூன்று தலைமுறையாக ஒரே ஃபிளாட். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவசரக் கையெழுத்துக்காக ஃபைலோடு அவர் வீட்டுக்குப் போனேன். ஹாலில் நான்கு பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். இசைத்தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து அவர் விரலை உதட்டில் வைத்து, கதவோரம் கிடந்த ஸ்டூலைக் காட்டினார். தட்டின் ஒரு பக்கம் முடிகிற வரை, இருபது நிமிடம், யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தச் சங்கீதம் என்னை உருக்கிவிட்டது என்று சொல்ல ஆசைதான். உண்மையில் என்னைப் பிடித்துக்கொண்டது அந்த அமைதி. தாராவியில் எங்களுக்கு இரும்புக் கம்பியும் பலகையும் போட்டு எழுப்பிய மாடி அறை. கீழே பட்டறை. அங்கேதான் அப்பா தோல் பை தைக்கிறார். அவருடையதோடு சேர்த்து ஐந்து தையல் மிஷின். எங்கள் வீட்டில் இருபது நிமிடம் சத்தம் இல்லையென்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம்.

அடுத்த ஞாயிறும் வரலாமா என்று கேட்டேன். தாராளமாக வா என்றார். ஆறேழு வாரம் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டேன். அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஞாயிறு தோறும் அவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தட்டைக் கொடுத்து அனுப்புவார். வாரம் முழுவதும் வீட்டில் கேட்டுவிட்டு, அடுத்த ஞாயிறு திருப்பிக் கொடுத்து, கேட்டதைப் பற்றிப் பேச வேண்டும். அப்படித் தட்டு வாங்கிப் போகிறவர்களுக்குத்தான் நாற்காலி. வீட்டில் ரெக்கார்டு மிஷின் இல்லாதவனுக்கு ஸ்டூல்தான்.

அந்த நான்கு பேரில் ஒருவர் மகள் வீட்டோடு புனே போனார். ஒரு நாற்காலி காலியானது. எங்கள் ஆபீஸிலேயே சான்பாடாவிலிருந்து வரும் இன்னொருவர் அதன் மேல் கண் வைத்திருந்தார். அவருக்கு வீட்டில் மிஷின் உண்டு.

என் முன்னால் மூன்று வழி இருந்தது. திருகோடு புதியது என்றால் என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். பழைய ஜப்பான் மிஷின் பாதி விலைக்குக் கிடைக்கும், ஆனால் பெல்ட் இற்றுப் போயிருக்கும், மோட்டார் முனகும், ரிப்பேர் பார்க்க ஆள் தேட வேண்டும். மூன்றாவது, சூட்கேஸ் மாதிரி திறந்து மூடும் பெட்டி. அது என் கைக்கு எட்டும். சார் எனக்குச் சொன்னது ஒன்றுதான்: தீபாவளி வரை பொறுத்துச் சேர்த்து வாங்கு, திருகு இல்லாதது மட்டும் வேண்டாம், அது தட்டைத் தின்னும். என் நோட்டிலும் அதுதான் எழுதியிருந்தது. ஆனால் நாற்காலி தீபாவளி வரை காத்திருக்காது.

செம்பூர் ஸ்டேஷன் பக்கம், ஆன்லைனில் வாங்கியவர்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்பிய சாமான்களை விற்கிற கடை ஒன்று உண்டு. அங்கே சிவப்புச் சூட்கேஸ் ஒன்றைக் கடைக்காரன் போட்டுக் காட்டினான். பாடியது. கையின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். வெறும் பிளாஸ்டிக். வாங்கிவிட்டேன்.

திங்கட்கிழமை லஞ்ச் நேரத்தில் சாரிடம் போய் மிஷின் வாங்கிவிட்டேன் என்றேன். அவர் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே கேட்டார்.

“திருகு இருக்கோ?”

“இருக்கு சார்.”

அவ்வளவுதான். இரண்டு வார்த்தை. அடுத்த ஞாயிறு நாற்காலியில் உட்கார்ந்தேன். போகும்போது அவர் ஒரு பாடகியின் கச்சேரித் தட்டை எடுத்து, மெத்தென்ற துணியால் துடைத்து, உறையில் போட்டுக் கொடுத்தார். அவருடைய தகப்பனார் கல்யாணமான வருஷம் வாங்கியதாம். அது இனி எங்கேயும் கிடைக்காது, அடுத்த ஞாயிறு பத்திரமாக வர வேண்டும் என்றார்.

அம்மா அப்போது அக்காவின் பிரசவத்துக்காகப் பாண்டுப்பில் இருந்தாள். வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். கீழே மிஷின்கள் நின்ற பிறகு தட்டைப் போடுவேன். அப்பா சுவரில் சாய்ந்து கேட்பார். அவருக்கு ஞாயிறு ஜெபத்தில் பாடும் கோவில் பாட்டைத் தவிர வேறு பாட்டு தெரியாது. “அந்தம்மா எங்கயும் மூச்சு விடவே மாட்டேங்காளே” என்று மட்டும் ஒரு நாள் சொன்னார்.

புதன்கிழமை, பாட்டில் ‘ச’ வரும் இடமெல்லாம் எச்சில் தெறிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. தூசியாக இருக்கும் என்று துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். இன்னும் மோசம். திருப்பி மறுபக்கம் போட்டேன். அதுவும் அப்படியே. வியாழக்கிழமை காலை தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, கறுப்பின் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தது. இரண்டு பக்கமும். எதனால் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தட்டை உறையில் போட்டு வைத்துவிட்டு ஆபீஸுக்குப் போனேன். ஞாயிறன்று என்ன சொல்வது என்பதைத் தவிர அன்றைக்கும் மறுநாளும் என் தலையில் எதுவுமில்லை.

வெள்ளிக்கிழமை மாலை நான் படியேறும்போதே பாட்டு கேட்டது. கீழே ஐந்து மிஷினும் ஓடிக்கொண்டிருந்தன. பலகைத் தரை வழக்கம்போல அதிர்ந்துகொண்டிருந்தது. அப்பா பெட்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். அவர் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதிகம் பார்த்ததில்லை. டீ நேரத்தில் மேலே வந்து தட்டைப் போட்டிருக்கிறார். கீழே மிஷின் ஓட ஓட முள் துள்ளியிருக்கிறது. தோல் வழுக்கினால், அதைப் பிடித்திருக்கும் தையல் மிஷின் பாதத்தை இன்னும் அழுத்தி வைப்பது அவர் தொழில். அதையே இதற்கும் செய்தார். முள்ளிருக்கும் தலையின் மேல் இரண்டு ரூபாய்க் காசை வைத்து டேப் ஒட்டிவிட்டார்.

“ஏல, இப்ப தவ்வுதா பாரு. ரெண்டே ரூவா செலவு.”

இந்த இடத்தை எழுதுவதற்காகத்தான் மீதியை எழுதினேன். அந்தக் காசைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வரவில்லை. நிம்மதி வந்தது. கோபத்தை அதற்கப்புறம் வரவழைத்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு எழுத்து தெரியாது. ஒரு முறை, வெளிநாட்டுக்குப் போகும் பைகளில் ஆங்கில லேபிளைத் தலைகீழாகத் தைத்துவிட்டார். முழு லாட்டும் திரும்பி வந்தது. பட்டறையில் அதைச் சொல்லி வருஷக்கணக்காகச் சிரித்தார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வீட்டில் மட்டும் யாரும் அதை எடுக்க மாட்டோம். அம்மா எங்களை அப்படி வளர்த்திருந்தாள்.

நான் முள்ளைத் தூக்கினேன். தட்டை எடுத்து அவர் முகத்துக்கு நேரே அந்தச் சாம்பல் வளையத்தைக் காட்டினேன்.

“லேபிளத் தலகீழாத் தச்ச கையிதான இது? இத எதுக்குத் தொட்டிய?”

அவர் தட்டைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார், நிஜமாகவே, இரண்டு பக்கமும் திருப்பி. இது எவ்வளவு பெரிய பொருள், யாருடையது, இனி கிடைக்காது என்றெல்லாம் நான் சொல்லிக்கொண்டே போனேன். நன்றாகப் பேசினேன். படிக்க வைத்த பிள்ளை அல்லவா. அவர் காசை டேப்போடு பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழே போனார்.

சனிக்கிழமை, பை வாங்கும் சேட்டின் அவசர ஆர்டரை ஓரமாக வைத்துவிட்டு, மெல்லிய ஆட்டுத் தோலில் ஓர் உறை தைத்தார். உள்ளே ஃப்ளானல் துணி, மூலைக்கு மூலை இரட்டைத் தையல், தட்டு அளவுக்கு மிகச் சரியாக. தானே வந்து சாரிடம் மன்னிப்புக் கேட்பதாகவும், தப்பு செய்தது தான்தானே என்றும் சொன்னார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர் வந்தால் எனக்குத்தான் நல்லது என்று அதற்குள் கணக்குப் போட்டிருந்தேன். ஒன்று மட்டும் சொல்லிக் கொடுத்தேன். மிஷின் எப்படி இருக்கும், என்ன நிறம், எங்கே வாங்கியது என்று எதுவும் பேசக் கூடாது. காசு வைத்ததை மட்டும் சொல்ல வேண்டும். அவர் அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஞாயிறன்று அவர் கோவிலுக்குப் போகவில்லை. கோவிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னோடு மாட்டுங்காவுக்கு நடந்தார்.

தட்டில் ஒரு கோளாறு, நேரில் வந்து சொல்கிறேன் என்று முந்தின நாளே போனில் சொல்லியிருந்தேன். சார் கதவைத் திறந்தவர் எங்களை உள்ளே கூப்பிடவில்லை. தட்டை வாங்கி, மாடிப்படி விளக்கின் கீழே சாய்த்துப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ இறங்கியது. அது நடிப்பில்லை. அவருக்கு வலித்தது. அவருடைய தோளுக்குப் பின்னால் ஹால் தெரிந்தது. நான் போன ஞாயிறு உட்கார்ந்த நாற்காலியில் சான்பாடாக்காரர் உட்கார்ந்திருந்தார்.

அப்பா கையைக் கட்டிக்கொண்டு, சொல்லிக் கொடுத்தபடியே சொன்னார். காசு வைத்தேன், எனக்கு விவரம் தெரியாது, பையன் மேல் தப்பு இல்லை. சார் பொறுமையாகக் கேட்டார். தட்டை மறுபக்கம் திருப்பினார்.

“ரெண்டு பக்கமும் போயிடுத்தே. பின்னாடி இருக்கே திருகு, அதையும் திருப்பினேளா?”

அப்பா காசு வைத்துப் போட்டது ஒரு பக்கம்தான். மறுபக்கத்தை அவர் தொடவே இல்லை. எங்கள் பெட்டியில் திருகும் கிடையாது. அப்பா என் முகத்தை ஒரு தடவை பார்த்தார்.

“ஆமாங்க சார். திருப்புனேன். ரெண்டு பக்கமும் நாந்தான்.”

பிறகு அந்த உறையை இரண்டு கையாலும் நீட்டினார். சார் அதை வாங்கவில்லை. எதில் செய்தது என்று கேட்டார். அப்பா பெருமையாகவே சொன்னார்.

“தப்பா நெனச்சுக்காதீங்கோ. தோல் சாமான் நாங்க உள்ள எடுத்துக்கறதில்லை.”

நீட்டிய கையை உடனே இழுத்துக்கொள்ள அப்பாவுக்குத் தெரியவில்லை. சிறிது நேரம் அது அப்படியே இருந்தது. சார் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, அன்பாகவே சொன்னார்.

“ஒன்னைச் சொல்லலை. இதெல்லாம் பரம்பரையா வர்ற பழக்கம். ஒரு தலைமுறையில வராது.”

குரலைத் தாழ்த்தினால் கேட்காது என்று அவர் நினைத்திருக்கலாம். ஐந்து மிஷின் சத்தத்துக்கு நடுவே பேச்சைப் பிரித்துக் கேட்டுப் பழகிய காது அப்பாவுடையது. தட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு இனி உபயோகம் இல்லை என்று சார் என் கையில் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வருவது கொஞ்ச நாள் போகட்டும் என்றும் சொல்லிக் கதவைச் சாத்தினார். சத்தமே இல்லாமல் சாத்தினார்.

திரும்பவும் நடந்தோம். ரயில் பாலம் தாண்டினோம். பிறகு அப்பா வழக்கமான குரலில் ஆரம்பித்தார்.

“அந்த ஹாலுல சாய்வு நாக்காலி கெடந்துச்சே, பாத்தியா? நல்ல எருமத் தோலு. கைப்பிடிகிட்ட தையல் விட்டுப் போச்சு. அர மணி நேர வேல.”

நான் சிரிக்கவில்லை. அவர் கொஞ்ச தூரம் நடந்துவிட்டுக் கேட்டார்.

“நம்ம பெட்டியில திருகு எங்கல இருக்கு? நான் பாக்கலியே.”

“அது வேற மாடலுப்பா. எல்லாத்துலயும் இருக்காது.”

“அப்ப காசு வச்சதுதான் காரணமா?”

அதைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. தெரிந்தவர் யாருமில்லை. அவர் கோபப்படுகிற ஆளும் இல்லை. இல்லப்பா, அது புதன்கிழமையே போயிட்டு, தெரிஞ்சேதான் வாங்கினேன் என்று ஒரு மூச்சில் சொல்லியிருக்கலாம். அவர் நின்று, என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். பதிலுக்குப் பயப்படுகிறவர் போல இருந்தார்.

“ஆமா” என்றேன்.

அவர் மூச்சை விட்டார். தோளில் இருந்த ஏதோ இறங்கின மாதிரி இருந்தது. உறையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“நல்லவேள. ரெண்டு மாசமா நோட்டெல்லாம் போட்டுப் படிச்சியே, அதுவும் தப்பாப் போயிருக்குமோன்னு பயந்துட்டேன். அப்ப நீ வாங்குனது நல்ல பெட்டிதான்.”