துணிக்கொடியின் கீழே கறிவேப்பிலை

இன்று பாசாரில் காய்கறிக் கடை முன் நின்று ஒரு கறிவேப்பிலையைக் கசக்கி முகர்ந்ததும், ஜார்ஜ்டவுனில் இப்போது கார் நிறுத்துமிடமாகிவிட்ட எங்கள் வீட்டுக் கொல்லை கண்முன் வந்து நின்றது. இரவு வேலை முடிந்து வந்த அப்பா தூங்காமல் சிமெண்டுத் தரையை உடைக்க, அம்மா கல் பொறுக்க, நானும் தங்கையும் பால் டின்னில் தண்ணீர் சுமக்க, ஒரு பாய் அகலத்துக்கு எங்களுக்கே எங்களுக்கென்று மண் கிடைத்தது. இருந்த சந்தோஷத்தில் கறிவேப்பிலைக் கன்றைத் துணிக்கொடிக்கு நேர் கீழே நட்டுவிட்டோம். அரிசி கழுவிய தண்ணீரைக் குடித்துக் குடித்து அது மளமளவென்று வளர்ந்து, காயும் துணியையெல்லாம் உரசியது.

“கொடிய மாத்திக் கட்டுங்க லா, பேக்டரி சட்டையெல்லாம் கறிவேப்பில வாசம். பஸ்ல கேக்க மாட்டாங்களா?” என்றாள் அம்மா.

“கேக்கட்டும்,” என்றார் அப்பா.

அன்றிலிருந்து பேக்டரி பஸ்ஸில் ஜன்னலோரத்தை விட்டுவிட்டு, எல்லாருக்கும் மணக்கும்படி நட்டநடுவில் போய் உட்கார்ந்தாராம்.